மண்ணை மிச்சம்பிடிக்கும் பள்ளிக்கூடம்

(காரைதீவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் கல்வியைப் பற்றிப் பேச எழுந்து நிற்பவர் சுவாமி விபுலாநந்தரை வணங்கித்தான் தொடங்க வேண்டும். 1892-இல் இங்கே மயில்வாகனமாகப் பிறந்த அவரை யாழ் நூல் தந்த அறிஞராகவும், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் கொண்டாடுகிறோம். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. இளமையில் இரசாயனம் கற்பித்தவர். 1929-இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். பாடசாலைகளை நடத்துவதில் ஆண்டுக்கணக்காக உழைத்தவர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவருடைய இந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. பிள்ளைகள் நெருக்கியடித்துப் படிக்கும் ஓர் உயர்நிலைப் பாடசாலையை, ஒரு நாள்கூட மூடாமல், எப்படித் திருத்திக் கட்டுவது? இந்தக் கரையோரத்தின் வெயிலுக்கும் வாடைக்கும் வெள்ளத்துக்கும் உப்புக்கும் ஈடுகொடுக்குமாறு அதை எப்படி விரிவாக்குவது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்முனையிலிருந்து நிந்தவூர் வரையுள்ள நமது ஊர்களில் சீமெந்து கிடைக்கும், கம்பி கிடைக்கும், கடன்கூடக் கிடைக்கும். கிடைக்காதது நிலம். ஆகவே நிலைத்து நிற்கும் பாடசாலை என்பது முதலில் தன் மண்ணை மிச்சம்பிடிக்கும் பாடசாலை. கூரையில் சூரியப் பலகை பூட்டுவதும் வாசலில் மரம் நடுவதும் நல்ல காரியங்களே. ஆனால் வளாகம் முழுவதற்கும் ஒரே திட்டம் இல்லாமல் கட்டடத்துக்குப் பின் கட்டடமாக எழுப்பிக்கொண்டு போனால், இருக்கிற நெரிசலை இன்னும் இறுக்கி வைத்தவர்களாவோம்.

1. நெரிசல் எப்படி வந்தது

நமது ஊர்களின் அமைப்பை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கிழக்கே கடல். மேற்கே வயல். இடையில் ஒரு மணல் மேடு. அதன் நடுவே மட்டக்களப்புக்கும் பொத்துவிலுக்கும் போகும் நெடுஞ்சாலை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஊருக்கு ஊர் மதில் தொட்டுக் கிடக்கிறது. 2012-ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்போதே சாய்ந்தமருதுப் பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் 25,000-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அந்தப் பிரிவின் பரப்போ சில சதுரக் கிலோமீற்றர்தான். வயலை நிரப்பி மேற்கே போகலாம் என்றால், அதற்கு 2000-ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், மாரி வெள்ளம் தங்கிப் போவதற்கு இருக்கும் இடம் அந்த வயல்தான். அதை அடைத்தால் தண்ணீர் ஊருக்குள் வரும்.

2024 நவம்பர் 26-ஆம் திகதி காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தைப் புரட்டி மத்ரஸா மாணவர்களின் உயிரைக் குடித்ததை இந்த அவையில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நீர் எந்த வழியால் வந்து எந்த வழியால் போகிறது என்று தெரியாமல் இந்த மண்ணில் வீதியும் போடக்கூடாது, பாடசாலையும் கட்டக்கூடாது.

இனி வகுப்பறைக்குள் போவோம். நமக்குப் பழக்கமான அறை இருபதடிக்கு இருபதடி. அதாவது 400 சதுர அடி. அதில் 35 பிள்ளைகள் இருந்தால் ஆளுக்குப் பதினொரு சதுர அடிக்கு மேல் வரும். 45 பிள்ளைகள் இருந்தால் ஒன்பதுக்கும் குறையும். மேசை, கதிரை, புத்தகப்பை, ஆசிரியரின் மேசை எல்லாம் அந்த ஒன்பதுக்குள்தான் அடங்க வேண்டும். ஆசிரியர் கடைசி வாங்கு வரை நடந்து போய் ஒரு பிள்ளையின் கொப்பியைப் பார்க்க வழியில்லை. அந்தப் பிள்ளை ஆண்டு முழுவதும் திருத்தப்படாமலே தரம் ஏறிப் போகிறது. உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் உடலிலிருந்து ஏறத்தாழ 70 வாற்று வெப்பம் வெளிப்படும். 45 பிள்ளைகள் என்றால் மூவாயிரம் வாற்றுக்கு மேல்: மூன்று அயன்பெட்டிகளைச் சூடேற்றி அறைக்குள் வைத்ததற்குச் சமம். முற்பகல் பதினொரு மணிக்குப் பிறகு பிள்ளைகள் சோர்ந்து சரிவதைக் கவனக்குறைவு என்று கண்டிக்கிறோம். அதில் பாதிக் குற்றம் அறையினுடையது.

நெரிசல் உயிரையும் எடுக்கும். 2004 ஜூலை 16-ஆம் திகதி தமிழ்நாட்டின் கும்பகோணத்தில் ஒரு பாடசாலையில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் கருகி இறந்தனர். ஒடுங்கிய கட்டடமும் தப்பிக்கப் போதாத படிக்கட்டும் அந்த எண்ணிக்கையைக் கூட்டின. ஒரு மாடிக் கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டுகள் வேண்டும் என்று நாம் கேட்பது ஆடம்பரத்துக்காக இல்லை.

2. கட்டடம் தின்ற வளவு

நமது பாடசாலைகள் பெரும்பாலும் எப்படி வளர்ந்தன? முதலில் ஓர் அரைச்சுவர் மண்டபம். பிறகு ஒரு மாடிக் கட்டடம். அடுத்த அரசாங்கம் வந்ததும் இன்னொன்று. 2011-ஐ ஒட்டித் தொடங்கிய ஆயிரம் இடைநிலைப் பாடசாலைத் திட்டத்தில் மஹிந்தோதய ஆய்வுகூடம் வந்தது. 2013-இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்க, அதற்கும் கட்டடம் தேவைப்பட்டது. 2015-க்குப் பின் “அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை” என்ற திட்டம் வந்தது. ஒவ்வொன்றும் தேவையான கட்டடமே. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி ஒதுக்கீடு, தனித்தனி வரைபடம், தனித்தனி திறப்பு விழா. வெறுமையாகக் கிடந்த இடம் எதுவோ அங்கே அடிக்கல் விழுந்தது. விளையாட்டு மைதானத்தின் ஓரம் போனது. கிணற்றைச் சுற்றியிருந்த இடம் போனது. இரண்டு கட்டடங்களுக்கிடையே காற்று நுழைந்த சந்து போனது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வீதி வடக்குத் தெற்காக ஓடுகிறது. கட்டடத்தின் முகம் வீதியைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் விரும்புகிறோம். அதனால் கட்டடத்தின் நீளம் வடக்குத் தெற்காக அமைந்து, யன்னல்கள் கிழக்கையும் மேற்கையும் நோக்கித் திறக்கின்றன. காலை ஏழரைக்குப் பாடம் தொடங்கும்போது தாழ்ந்த வெயில் நேரே கரும்பலகையில் விழுகிறது. எழுத்துத் தெரியாமல் பிள்ளைகள் யன்னலை மூடுகிறார்கள். யன்னலை மூடியதும் காற்றும் நின்றுவிடுகிறது. மின்குமிழை எரிக்க வேண்டி வருகிறது. வீதிக்கு அழகு காட்டப்போன ஒரே முடிவு வெளிச்சத்தையும் காற்றையும் மின்கட்டணத்தையும் சேர்த்தே கெடுத்தது.

3. கடல் கற்பித்த பாடம்

2004 டிசெம்பர் 26. அது ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், பாடசாலை விடுமுறைக் காலம். இவற்றில் ஒன்றுகூட இல்லாதிருந்தால் நம் ஊர்களில் ஒரு தலைமுறையே இல்லாமல் போயிருக்கும். இலங்கையில் ஆழிப்பேரலை மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000-க்கு மேற்பட்டோர். நாடு முழுவதும் 150-க்கு மேற்பட்ட பாடசாலைகள் அழிந்தன அல்லது சேதமடைந்தன. தப்பிய பாடசாலைகள் முதலில் அகதிகளுக்கு வீடாயின. பிறகு அழிந்த பாடசாலைகளின் பிள்ளைகளையும் ஏற்றன. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவிக்கப்பட்டபோது, மேற்கே போக நிலமில்லாத நமது ஊர்கள் திகைத்து நின்றன. அந்த எல்லை பின்னர் தளர்த்தப்பட்டது.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள் எழுந்தன. யாருக்கு வழங்குவது என்ற வழக்கில் அவை ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் கிடந்தன. பணமும் கல்லும் மட்டும் ஒரு கட்டடத்தை மக்களுக்குச் சேர்த்துவிடாது. நிலத்தைப் பற்றிய இணக்கம் முதலில் வேண்டும். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் தோளோடு தோள் நிற்கும் நமது பகுதியில் இது இரட்டிப்பாக உண்மை.

கட்டடக் கலைக்கும் அந்த நாள் ஒரு பாடம் தந்தது. கடலுக்குத் தன் நீண்ட சுவரைக் காட்டி நின்ற கட்டடத்தின்மீது அலை முழுப் பலத்தோடும் மோதும். கடலுக்குத் தன் ஒடுங்கிய பக்கத்தைக் காட்டி, கீழே நீர் ஓட வழிவிட்டு நிற்கும் கட்டடத்துக்குப் பிழைக்க வாய்ப்புக் கூடுதல். இந்தோனேசியாவின் அச்சேயில் லம்புக் என்ற ஊரில் சுற்றியிருந்தவை எல்லாம் தரைமட்டமாகியும் ரஹ்மதுல்லாஹ் பள்ளிவாசல் நின்றது. அதன் அகன்ற திறப்புகள் வழியே நீர் பாய்ந்து போனது அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. நமது கடற்கரை கிழக்கே இருக்கிறது. கட்டடத்தின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்தால் கடலுக்கு ஒடுங்கிய பக்கமே தெரியும். கீழ்த்தளத்தைத் தூண்களில் நிறுத்தி, அதை உணவு உண்ணவும் கூடவும் ஆடவும் திறந்த இடமாக வைத்தால், நெரிசலான வளவுக்கு நிழலுள்ள மைதானம் ஒன்று மிச்சமாகும். வெள்ளம் வந்தாலும் நூல்நிலையமும் கணினியும் மேலே இருக்கும். அலை எச்சரிக்கை வந்தால் மேல்மாடி ஊருக்கே அடைக்கலமாகும். அதற்கேற்ற அத்திவாரமும் தூணும் பொறியியலாளர் கணக்கிட்டுப் போட்டவையாக இருக்க வேண்டும்.

4. வெயிலும் காற்றும்

காரைதீவு வட அகலக்கோடு ஏழு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நடுப்பகல் சூரியன் நமது உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஜூனில் பதினாறு பாகை வடக்கே சாயும்; டிசெம்பரில் முப்பத்தொரு பாகை தெற்கே சாயும். இதிலிருந்து இரண்டு முடிவுகள் வரும். ஒன்று: கிழக்கு மேற்காக நீண்ட கட்டடத்தின் தெற்கு யன்னலை நடுப்பகல் வெயிலிலிருந்து காக்க மூன்றடித் தாழ்வாரம் போதும், வடக்கே ஒன்றரை அடி போதும். ஆனால் மாரியில் வாடைக்காற்று மழையை வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிப்பதால் வடக்கிலும் மூன்றடி விடுவதே புத்தி. சூரியன் கேட்கும் திசையும் கடல் கேட்கும் திசையும் ஒன்றாகவே அமைந்திருப்பது நமக்குக் கிடைத்த கொடை. இரண்டு: நமக்கு வெப்பம் பெரும்பாலும் சுவரால் வருவதில்லை, கூரையால் வருகிறது. மேல்மாடியில் கொங்கிரீட் தட்டு வெயிலைக் குடித்துவிட்டு மாலை வகுப்பு முடியும்வரை கீழே கக்கிக்கொண்டிருக்கும்.

கூரைக்கு மாற்று வழி உண்டு. மேற்காபிரிக்காவின் புர்கினா பாசோவில் கண்டோ என்ற கிராமத்தில் டியேபேடோ பிரான்சிஸ் கேரே 2001-இல் ஒரு பாடசாலை கட்டினார். அவர் பிறந்த ஊர் அது. ஊர்மண்ணில் சிறிது சீமெந்து கலந்து கல்லறுத்தார்கள், ஊராரே கட்டினார்கள். கல்லால் உட்கூரை போட்டு, அதற்கு மேலே இடைவெளி விட்டு, மெல்லிய கம்பிச் சட்டத்தில் தகரக் கூரையை உயர்த்தினார்கள். தகரம் காய்ந்தாலும் அந்த இடைவெளியில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோய்விடும். 2004-இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. பிள்ளைகள் கூடிவந்ததால் 2008-இல் விரிவாக்கக் கட்டடம் எழுந்தது. 2022-இல் கேரேக்குப் பிரிட்ஸ்கர் பரிசு வழங்கப்பட்டது. அந்த முறையை அப்படியே இங்கே நகல் எடுக்க முடியாது. 1978 நவம்பரில் நமது கரையைத் தாக்கிய சூறாவளி கூரைகளை எப்படிப் பிய்த்தெறிந்தது என்று மூத்தவர்கள் அறிவார்கள். இங்கே உயர்த்திய கூரை ஒவ்வொரு வளையிலும் தூணிலும் இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட வேண்டும். ஆனால் இரண்டு கூரை, நடுவே காற்று என்ற அடிப்படை நமக்கும் பொருந்தும்.

காற்றின் கதை சற்றுச் சிக்கலானது. வெயில் வடக்கு, தெற்கு யன்னல்களைக் கேட்கிறது. நமது முக்கியமான காற்றுகளோ கிழக்கிலும் மேற்கிலும் இருந்து வருகின்றன. முற்பகலில் கடற்காற்று எழும். மே முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து கச்சான் காய்ந்து வீசும். கட்டடங்களை ஒன்றின்பின் ஒன்றாக ஒரே கோட்டில் நிறுத்தினால் பின்னால் நிற்பவற்றுக்குக் காற்று போகாது. சற்று விலக்கி, படி படியாக நிறுத்தினால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் காற்று திரும்பும். யன்னலின் ஓரத்தில் இரண்டடி வெளிநீட்டிய சுவர் அதை உள்ளே இழுக்கும். மேற்கு எல்லையில் வேம்பும் பூவரசும் புங்கும் அடர்த்தியாக நின்றால் கச்சானின் சூடு தணியும். இதற்கெல்லாம் மேலதிகச் செலவு சொற்பம். வேண்டியது ஒன்றுதான்: முதற் கட்டடத்தை வரையும்போதே ஐந்தாவது கட்டடம் எங்கே வரும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

5. ஓசை

விபுலாநந்தர் ஒலியை ஆராய்ந்தவர். நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கைத் தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். அவர் பிறந்த மண்ணில் பாடசாலை கட்டும் நாம் ஓசையை எண்ணிப் பார்க்காமல் கட்டுவது தகாது. அரைச்சுவர் மண்டபத்தில் நான்கு வகுப்புகள் நடக்கின்றன. ஒன்றில் கணிதம், அடுத்ததில் தமிழ், அதற்கடுத்ததில் ஆசிரியர் வரவில்லை. மார்கழி மழை தகரத்தில் கொட்டத் தொடங்கியதும் நான்கும் நின்றுவிடுகின்றன. ஆசிரியர் வாய் அசைகிறது, குரல் கேட்பதில்லை. முன்வாங்குப் பிள்ளை மட்டும் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பழைய மண்டபத்தை இடிக்கத் தேவையில்லை. ஓட்டுக்கோ தகரத்துக்கோ கீழே உட்கூரை போடலாம். இரண்டு வகுப்புக்கிடையே பொருள் அறையோ புத்தக அலுமாரிச் சுவரோ வைக்கலாம். சங்கீத அறையையும் கைப்பணி அறையையும் ஒரு மூலைக்குத் தள்ளலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் வகுப்பறை வைக்காமல் அலுவலகம், களஞ்சியம், மண்டபம் ஆகியவற்றை வைத்தால் அவையே இரைச்சலுக்கு மதிலாகும். உறுதியாக நிற்கும் பழைய சுவரைக் காப்பாற்றினால், அதைக் கட்டிய சீமெந்தையும் மணலையும் உழைப்பையும் இரண்டாம் முறை செலவழிக்க வேண்டியதில்லை.

6. மணலுக்குள் இருக்கும் தாங்கி

நமது குடிநீர் மணலுக்குள் இருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீரை விடக் கடல்நீர் சற்றுக் கனமானது. அதனால் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் தங்கும். மாறாக மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் உப்பு அதே விகிதத்தில் மேலே ஏறும். ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில் பல இடங்களில் கிணறுகளை இறைத்து இறைத்துப் பார்த்தும் உப்பு விலகவில்லை. அடுத்தடுத்த மாரி மழைதான் மணலைக் கழுவித் தந்தது.

ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையை எடுத்துக்கொள்வோம். குடிக்கவும் கைகழுவவும் ஆளுக்கு மூன்று லீற்றர் என்றால் நாளுக்கு 3,000 லீற்றர். 190 பாடசாலை நாள்களுக்கு 5,70,000 லீற்றர். நமது கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. 500 சதுர மீற்றர் கூரையில் விழும் மழையில் நூற்றுக்கு எண்பது வீதத்தைப் பிடித்தால் 6,40,000 லீற்றர். ஒரே ஒரு நீண்ட கட்டடத்தின் கூரை பாடசாலையின் ஆண்டுத் தேவைக்கு ஈடான நீரைத் தருகிறது! ஆனால் அதில் பெரும்பங்கு மூன்று நான்கு மாதங்களில் கொட்டிவிடும். அவ்வளவையும் சேமிக்கத் தாங்கி கட்ட யாராலும் முடியாது. ஐம்பதாயிரம் லீற்றர்த் தாங்கிகள் இரண்டு வைத்தால் முப்பத்துமூன்று நாள் தாங்கும். மீதியை வடிகட்டி மணலுக்குள் இறக்க வேண்டும். மணலே நமது பெரிய தாங்கி. அது நிரம்ப வேண்டுமானால் வளவில் திறந்த மண் இருக்க வேண்டும். முற்றம் முழுவதும் கொங்கிரீட் கல் பதித்து அழகுபடுத்தினால் அந்த நீர் தோணா என்னும் கரையோர ஓடைக்கு ஓடி, அங்கிருந்து முகத்துவாரத்தால் கடலுக்குப் போகும்.

இன்னொரு எச்சரிக்கை. நெரிசல் கூடக் கூட மலசலகூடங்களும் கூடுகின்றன. அவற்றின் குழி கிணற்றை நெருங்குகிறது. மணல் அழுக்கு எல்லாவற்றையும் தடுத்து வைக்காது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது ஐம்பதடி விடுவதற்கு வளவில் இடமில்லையென்றால், குழி வேண்டாம். மூடிய தாங்கியும் சுத்திகரிப்பும் வேண்டும். பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் வீடு திரும்பும்வரை பொறுத்திருக்கும் நிலை ஒரு பாடசாலையில் இருந்தால், அங்கே முதலில் கட்டப்பட வேண்டியது கதவும் தண்ணீரும் உள்ள மலசலகூடம். முஸ்லிம் பாடசாலைகளில் தொழுகைக்கு முன் வுழூச் செய்யும் நீரில் அழுக்கு அதிகமில்லை. அதைத் தனிக் குழாயில் எடுத்தால் மரங்களுக்குப் போதும்.

7. மூடாமல் கட்டுவது

பாடசாலை நடந்துகொண்டிருக்கும்போதே கட்ட வேண்டும். அதற்கு ஒழுங்கு முக்கியம். மைதானத்தைத் தொடாத ஓர் இடத்தில் முதற் கட்டடம். பிள்ளைகள் அதற்குள் மாறியபின், மிக மோசமான பழைய கட்டடம் அகற்றப்படும். அந்த இடத்தில் இரண்டாவது எழும். கட்டும் இடத்துக்கும் பிள்ளைகளுக்கும் இடையே உறுதியான தகர வேலி. சீமெந்து, மண் ஏற்றிவரும் வாகனங்களுக்குத் தனி வாசல்.

காலமும் முக்கியம். ஓகஸ்ட், செப்டெம்பரில் நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும். அத்திவாரத்துக்கு அதுவே நேரம். நவம்பர் மழைக்கு முன் அத்திவாரமும் தரையும் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அரச ஒதுக்கீடு ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிகிறது. கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தம் எழுதி, வேலை தொடங்கும்போது ஆண்டின் பாதி போயிருக்கும். பணத்தைச் செலவழித்து முடிக்கும் அவசரத்தில் மழையில் கொங்கிரீட் போடப்படும். கடலோரத்தில் கம்பிக்கு மேல் 40 முதல் 50 மில்லிமீற்றர் கொங்கிரீட் மூடல் வேண்டும். அவசரத்தில் அது பாதியாகும். பத்தாண்டில் தூணின் அடியில் மயிரிழை வெடிப்பு விழும். அதன் வழியே செந்துரு கசியும். பிறகு கொங்கிரீட் தகடு தகடாக உதிரும். உள்ளே கம்பி உப்பித் தன் பருமனை விடப் பெருத்திருக்கும். மேலே பூசி வெள்ளையடித்தால் அந்த நோய் மறையும், மாறாது. வரைபடமும் மண்பரிசோதனையும் மதிப்பீடும் முந்திய ஆண்டிலேயே தயாராக இருந்தால் இந்த அவசரம் தேவையில்லை. அதைத் தயார்செய்ய அரசின் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; பழைய மாணவர்களில் எத்தனையோ பொறியியலாளர்களும் நில அளவையாளர்களும் கட்டட வரைஞர்களும் இருக்கிறார்கள்.

8. எத்தனை பிள்ளைகள்?

விரிவாக்கம் என்றதும் எல்லோரும் எத்தனை அறை என்று கேட்கிறார்கள். எத்தனை பிள்ளைகள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பெயர்பெற்ற ஒரு பாடசாலையில் இருபது அறைகள் கூட்டினால் சுற்றியுள்ள சிறிய பாடசாலைகளிலிருந்து பிள்ளைகள் வந்து அவற்றையும் நிரப்புவார்கள். அங்கே அறைகள் வெறுமையாகும், இங்கே மீண்டும் நெரிசல். 1940-களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா மத்திய கல்லூரிகளைப் பெருநகரங்களுக்கு வெளியே நிறுவியதன் நோக்கமே பிள்ளை நல்ல கல்வியைத் தேடி ஊரை விட்டு ஓடக்கூடாது என்பதுதான். நமது கல்வி வலயத்தில் கல்முனைத் தமிழ், கல்முனை முஸ்லிம், சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கோட்டங்கள் அருகருகே இருக்கின்றன. ஒவ்வொரு பாடசாலையும் தனக்கென்று ஒரு பெரிய கேட்போர் கூடமும் மைதானமும் ஆய்வுகூடமும் கேட்டால் எவருக்கும் முழுமையாகக் கிடைக்காது. பக்கத்து ஊர்களின் பாடசாலைகள் நேர அட்டவணை போட்டுப் பகிர்ந்துகொண்டால் நிலம் மிஞ்சும்; தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே ஆய்வுகூட மேசையில் நிற்கும் வாய்ப்பும் வரும். அந்த வாய்ப்பு இந்த மண்ணுக்கு எவ்வளவு தேவை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

9. அறக்கட்டளை என்ற அறம்

ஓர் அறக்கட்டளையின் பெயரால் இங்கே கூடியிருக்கிறோம். முதலைத் தொடாமல் அதன் வருவாயில் அறம் செய்வது நமது இரு சமூகங்களுக்கும் பழகிய முறை. கோயிலுக்கு வயல் எழுதி வைத்தவர்கள் விளக்கெரியும் செலவை என்றைக்குமாக எண்ணி எழுதினார்கள். வக்பு செய்தவர்கள் சொத்து விற்கப்படாமல் அதன் பயன் மட்டும் தலைமுறைகளுக்குப் போக வேண்டும் என்று எழுதினார்கள். பாடசாலைக் கட்டடத்துக்கு மட்டும் நாம் அப்படி நினைப்பதில்லை. கட்டித் திறந்து பெயர்க்கல் பதிப்பதோடு முடிந்துவிடுகிறது. பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் சுவரில் இறங்குகிறது. அதைத் துப்பரவாக்கக் கணக்கில் இடமில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது: ஒவ்வொரு பாடசாலையும் தன் வளவுக்கு இருபதாண்டுத் திட்டம் ஒன்றை வரையட்டும். எங்கே கட்டலாம், எங்கே ஒருபோதும் கட்டக்கூடாது என்று அதில் கோடு கிழிக்கப்பட்டிருக்க வேண்டும். மைதானம், கிணற்றுச் சூழல், நீர் ஓடும் வழி, பெரிய மரங்கள் ஆகிய நான்கும் அந்தக் கோட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கட்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அதை ஏற்றுக்கொண்டு, வலயக் கல்வி அலுவலகத்திலும் பிரதேச சபையிலும் பதிந்து வைக்கட்டும். கட்டடம் தர வருபவர் யாராக இருந்தாலும் அந்த வரைபடத்தில் உள்ள அடுத்த கட்டடத்தையே தர வேண்டும்.

இரண்டாவது: வெளிநாட்டிலும் கொழும்பிலும் வாழும் பழைய மாணவர்கள் தரும் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் ஒரு பங்கைப் பராமரிப்பு நிதியாகத் தொடாமல் வையுங்கள். அதன் வட்டியை விரும்பாதவர்கள் ஒரு கடை வாடகையிலோ, 2016-இல் அரசு தொடங்கிய கூரைச் சூரியமின் திட்டத்தின்கீழ் விடுமுறை மாதங்களில் விற்கும் மின்சாரத்திலோ அந்த வருவாயைத் தேடலாம். ஆண்டுதோறும் ஒக்டோபருக்கு முன் பீலி, கூரை, வடிகால், கிணறு நான்கும் பார்க்கப்பட்டுத் திருத்தப்பட வேண்டும்.

மூன்றாவது: அளவெடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தரம் 9 பிள்ளைகள் வகுப்பறையின் வெப்பத்தை மணிக்கு மணி குறிக்கட்டும். உயர்தர விஞ்ஞானப் பிள்ளைகள் கிணற்று நீரின் உப்பை மாதந்தோறும் அளக்கட்டும். புவியியல் பிள்ளைகள் மழைநாளில் வளவில் நீர் எங்கே தேங்குகிறது என்று வரைபடத்தில் நிறம் தீட்டட்டும். ஓர் ஆண்டில் இந்த ஊரின் எந்தப் பொறியியலாளரிடமும் இல்லாத தரவு உங்கள் பாடசாலையிடம் இருக்கும். விஞ்ஞானம் கற்பித்து, விஞ்ஞானக் கலைச்சொல்லுக்காகவும் உழைத்த விபுலாநந்தருக்குப் பொருத்தமான அஞ்சலி அதுவே.

இன்று தரம் 6-இல் சேரும் பிள்ளை எட்டு ஆண்டுகள் இந்த வளவில் இருக்கும். அந்த எட்டு ஆண்டுகளுக்குள் ஒரு வளாகத்தை ஒழுங்குபடுத்த முடியும். மூன்று கட்டடங்களை முறையாக எழுப்பவும் இரண்டைத் திருத்தவும் முடியும். வரைபடத்துக்கு ஆகும் செலவு ஒரு திறப்பு விழாவின் செலவைத் தாண்டாது. அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் அதை வரைந்து முடியுங்கள். அளக்கத் தெரிந்தவர்கள், வரையத் தெரிந்தவர்கள், கணக்குப் போடத் தெரிந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். இந்தக் கூட்டம் கலைவதற்குள் உங்கள் பெயர்களை அதிபர்களிடம் கொடுத்துச் செல்லுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.